தலைமையுரை இல்லாத கூட்டம்

நாடகக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரல் இந்தியாவின் எந்த மொழியில் அச்சிடப்பட்டாலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். குத்துவிளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, மையக்கருத்துரை, பொன்னாடை. அதன்பின் அமர்வுக்கு நான்கு கட்டுரைகள். கட்டுரை ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்று அழைப்பிதழ் சொல்லும். முதல் கட்டுரையாளரே அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வார். கலந்துரையாடலுக்கென ஒதுக்கிய நேரம் மதிய உணவுக்குள் கரைந்துபோகும். அன்று மாலை நடக்கவிருக்கும் நாடகத்துக்கு விளக்குக் கட்ட வந்த ஒளியமைப்பாளர் கடைசி வரிசையில் கைகட்டி நின்றிருப்பார். முப்பதாண்டு மேடையனுபவம் உள்ள அவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. அவர் பெயர் அழைப்பிதழில் இல்லை.

அதே கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் நடக்கும் பேச்சு வேறு வகையானது. சென்ற ஆண்டு நடித்த விழாவுக்கான பயணப்படி இன்னும் வந்து சேரவில்லை என்பார் ஒருவர். ஒத்திகைக்கு இடம் கிடைக்காமல் பள்ளிக்கூட மொட்டைமாடியில் மழைக்கு அஞ்சி அஞ்சி ஒத்திகை பார்த்த கதையைச் சொல்வார் இன்னொருவர். இரவு பத்து மணிக்கு முடிந்த ஒத்திகையால் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பெண் எப்படி வீடு சேர்ந்தாள் என்பது பேசப்படும். குறிப்பிட்ட ஓர் ஆசிரியரின் பயிலரங்குக்குத் தனியே போக வேண்டாமென்று ஒரு நடிகை மற்றொருத்தியின் காதோடு சொல்லி வைப்பாள். மணி அடித்ததும் எல்லாரும் உள்ளே போய்விடுவர். அப்பேச்சு எந்தக் கட்டுரைத் தொகுப்பிலும் இடம்பெறாது. ஆனால் இந்திய நாடகம் எதனால் மெலிகிறது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அங்கேதான் சிதறிக் கிடக்கிறது.

அந்தப் பேச்சுக்கு ஒரு கூரையும் ஒரு குறிப்பேடும் தர வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. நாடகத்தில் உழைப்போர் தாமே கூடி, பேச வேண்டிய பொருளைத் தாமே தேர்ந்து, தம் குறைகளையும் கனவுகளையும் தாமே பதிவு செய்துகொள்ளும் கூட்டங்கள் ஊர்தோறும் தொடர்ந்து நடக்க வேண்டும். ஒத்திகை எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு இன்றியமையாதவை இக்கூட்டங்கள். ஆண்டுக்கொரு முறை அரசோ பல்கலைக்கழகமோ கூட்டும் மாநாடு அவற்றுக்கு ஈடாகாது.

விடுதலைக்குப் பிந்தைய இந்திய நாடகம் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்ட வரலாறு 1956இல் சங்கீத நாடக அகாதெமி தில்லியில் நடத்திய நாடகக் கருத்தரங்கிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். கமலாதேவி சட்டோபாத்யாய, முல்க் ராஜ் ஆனந்த், சம்பு மித்ரா, இப்ராஹிம் அல்காசி, ஆத்ய ரங்காச்சாரியா போன்றோர் ஒரே அவையில் அமர்ந்து, புதிய நாட்டுக்கு எவ்வகை நாடகம் வேண்டும் என விவாதித்தனர். அந்த ஊக்கத்தின் தொடர்ச்சியாகவே 1959இல் தேசிய நாடகப் பள்ளி உருவாயிற்று. அக்கருத்தரங்கின் பெருமையை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த அவையில் பேசியோர் பெரும்பாலும் எழுத்தாளர், இயக்குநர், அறிஞர், நிர்வாகி ஆகியோரே. கூத்துக் கலைஞரும் ஒப்பனைக்காரரும் பின்பாட்டுக்காரரும் பேசுபொருளாக இருந்தனர், பேசுவோராக இருக்கவில்லை. அதன்பின் வந்த பல பத்தாண்டுகளில் இந்த அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 2008 மார்ச்சில், இந்தியா தியேட்டர் ஃபோரம் என்ற தன்னார்வ வலையமைப்பு கருநாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் ஒரு கூட்டத்தைக் கூட்டியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நாட் த டிராமா செமினார்’. ‘இது அந்த நாடகக் கருத்தரங்கு அன்று’ எனத் தமிழில் சொல்லலாம். 1956ஆம் ஆண்டுக் கூட்டத்தை நினைவுகூரும் பெயர். அதேவேளையில் அதிலிருந்து விலகி நிற்கும் பெயர். தேசிய நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்ற பழைய கேள்வியை ஒதுக்கிவிட்டு, நாட்டின் பல பகுதிகளில் இன்று நாடகம் செய்வோர் எப்படிச் செய்கிறார்கள், எதைத் தாங்கிச் செய்கிறார்கள் என்று அக்கூட்டம் கேட்டது. கூட்டியவர்களும் நாடகக்காரர்களே. அவ்வுரைகள் மறு ஆண்டே ‘அவர் ஸ்டேஜ்’ என்ற தொகுப்பு நூலாகவும் வந்தன.

அது ஹெக்கோட்டில் நடந்ததும் தற்செயலன்று. சிவமொக்கா மாவட்டத்துப் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அச்சிற்றூரில் 1949இல் ஊர்க்காரர்கள் தொடங்கிய நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கமே இன்று ‘நீநாசம்’ என அறியப்படுகிறது. கே. வி. சுப்பண்ணா அதை வளர்த்தெடுத்தார். 1991இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஆண்டுதோறும் அங்கு நடக்கும் பண்பாட்டு முகாமில் உழவரும் ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் பல நாள் ஒன்றாகத் தங்கி, பகலில் பேசி, இரவில் நாடகம் பார்த்து, மறுநாள் காலை அதே நாடகத்தைப் பற்றி வாதிடுவர். ஊரே பேசிப் பழகிய இடத்தில்தான் நாடகக்காரரின் பேச்சும் வேர்பிடித்தது. ஆனாலும் 2008ஆம் ஆண்டுக் கூட்டத்திலும் அமர்வுகள் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன; பேசுவோர் முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். இன்னும் ஓரடி எடுத்து வைக்க இடமுண்டு.

அந்த ஓரடிக்கு உதவும் முறை ஒன்று நாடகத்துக்கு வெளியே பிறந்தது. அமெரிக்கரான ஹாரிசன் ஓவன் 1983இல் ஒரு பெரிய மாநாட்டை ஓராண்டுக் காலம் உழைத்து ஏற்பாடு செய்தார். முடிந்தபின் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, மாநாட்டில் மிகப் பயனுள்ளவையாக இருந்தவை காப்பி இடைவேளைகளே என்பதுதான். இடைவேளையின் உயிர்ப்பையும் மாநாட்டின் பயனையும் ஒன்றிணைக்க முடியாதா என்று அவர் எண்ணியதன் விளைவே 1985 முதல் நடைமுறைக்கு வந்த ‘ஓப்பன் ஸ்பேஸ்’ முறை. ‘திறந்த களம்’ என அதைச் சொல்லலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் ஒரு சிற்றூரில் விழாக்குழு எதுவுமின்றிப் பல நாள் நடந்த சடங்கு விழாவைக் கண்டதும் தம் சிந்தனைக்கு வித்தானது என்று அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

முறை மிக எளியது. அனைவரும் வட்டமாக அமர்வர். நடுவில் காகிதமும் எழுதுகோலும் இருக்கும். சுவரில் நேரமும் இடமும் குறித்த வெற்று அட்டவணை ஒன்று தொங்கும். எதைப் பேச விரும்புகிறாரோ அவர் எழுந்து வந்து அக்கேள்வியைத் தாளில் எழுதி, உரக்கப் படித்துத் தம் பெயரைச் சொல்லி, அட்டவணையில் ஒட்டுவார். அரை மணி நேரத்தில் நிகழ்ச்சி நிரல் தயாராகிவிடும். பிறகு ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான குழுவில் போய் அமரலாம். ஓரிடத்தில் கற்கவும் இயலவில்லை, பங்களிக்கவும் இயலவில்லை என்றால் எழுந்து வேறு குழுவுக்குப் போய்விடலாம், அது அவமதிப்பாகாது. மூவர் மட்டுமே வந்தாலும் அந்த மூவரே அக்கேள்விக்கு உரியவர். பேச்சு முடிந்துவிட்டால் கூட்டமும் முடிந்துவிட்டது. நேரத்தை நிரப்பவேண்டிய கட்டாயம் இல்லை. கேள்வியை எழுப்பியவரே பேசியதைச் சுருக்கமாக எழுதித் தர வேண்டும் என்பது இம்முறையின் மிக முக்கியமான பொறுப்பு.

இம்முறையை நாடகத்துறைக்குக் கொண்டுவந்தவர்களில் இங்கிலாந்தின் இம்ப்ராபபிள் குழு குறிப்பிடத்தக்கது. ஃபீலிம் மெக்டர்மட் முதலியோர் 2006இல் லண்டனில் இத்தகைய கூட்டத்தைக் கூட்டி, அதற்கு ‘பற்றும் மனக்குறையும் கொண்டோர்’ எனப் பொருள்படும் பெயரிட்டனர். பெயரே பாதி வேலையைச் செய்துவிட்டது. நாடகத்தின்மீது பற்றில்லாதவர் வரமாட்டார். மனக்குறையே இல்லாதவருக்கு அங்கு வேலையில்லை. பெயர்பெற்ற இயக்குநரும் அந்த ஆண்டு படிப்பை முடித்த இளைஞரும் ஒரே வட்டத்தில் அமரும் அக்கூட்டம் தொடர்ந்து நடந்தது. ஒவ்வொரு சிறு குழுவின் உரையாடலும் எழுதப்பட்டு அனைவருக்கும் கிடைத்தது.

அங்கே நடந்ததை அப்படியே பெயர்த்து நடவேண்டும் என்பதில்லை. இந்திய நாடகத்தின் உயிர்ப்புள்ள காலங்கள் பலவற்றில் இதே இயல்பு வேறு வடிவில் இருந்திருக்கிறது. மும்பையின் தாதர் பகுதியில் சபில்தாஸ் பள்ளி மண்டபம் எழுபதுகளில் மராத்திப் பரிசோதனை நாடகத்தின் தாய்வீடாயிற்று. ஆவிஷ்கார் குழு அதைத் தான் மட்டும் பயன்படுத்தாமல் பிற குழுக்களுக்கும் திறந்துவிட்டது. ஒரு குழுவின் ஒத்திகை முடியுமுன் அடுத்த குழு வாசலில் வந்து நிற்கும் இடத்தில் உரையாடலைத் தனியே ஏற்பாடு செய்யத் தேவையிருக்காது. பாதல் சர்க்காரின் மூன்றாம் அரங்கு இன்னொரு சான்று. நுழைவுச்சீட்டு இல்லை, பார்வையாளரைப் பிரித்து வைக்கும் மேடை இல்லை, விருப்பமுள்ளோர் இறுதியில் இயன்றதைத் தருவர். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிலரங்கு, தமிழில் பின்னர் எழுந்த வீதி நாடக முயற்சிகளுக்கு உந்துதலாக அமைந்தது. பயிற்சியோடு சேர்ந்து உட்கார்ந்து பேசுவதும் அங்கு கற்றுக்கொள்ளப்பட்டது.

இவற்றினும் அழுத்தமான சான்று காஞ்சிபுரம் பகுதியிலிருந்து கிடைக்கிறது. 1990இல் கூத்துக் கலைஞர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர். பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் அதன் உருவாக்கத்தில் முன்நின்றனர். கருத்தரங்குகளும் பாடநூல்களும் ‘தெருக்கூத்து’ என்று எழுதிவந்த கலைக்கு, அச்சங்கத்தார் ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரையே வலியுறுத்தினர். கட்டை என்பது கிரீடம், புயக்கட்டை முதலிய மர அணிகலன்களைக் குறிக்கும். தெரு என்ற சொல் தம் கலையைத் தாழ்த்துவதாக அவர்கள் உணர்ந்தனர். எந்தப் பெயர் சரி என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு வழக்கு. இங்கு கவனிக்க வேண்டியது, அவர்கள் தமக்குள் கூடிப் பேசத் தொடங்கியபின் பேசிய முதன்மையான பொருள்களில் ஒன்றாகத் தம் கலையின் பெயரே இருந்தது என்பதுதான். எத்தனையோ ஆண்டுகள் அவர்களைப் பற்றி நடந்த கருத்தரங்குகளில், உங்கள் கலையை நீங்கள் எப்பெயரால் அழைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு உரிய எடை தரப்படவில்லை. கூட்டத்தை யார் கூட்டுகிறார் என்பது, அக்கூட்டத்தில் எது கேள்வியாகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அவ்வாறு இன்று கேள்வியாக வேண்டியவை பல. முதலாவது பணம். நாடகக் குழுவொன்றில் பணத்தைப் பற்றிக் கேட்பது கலையை அவமதிப்பதாகக் கருதப்படுகிறது. நடுவண் பண்பாட்டு அமைச்சகம் நாடகக் குழுக்களுக்கு வழங்கும் நல்கைத் திட்டத்தின் பெயரே ‘குரு–சிஷ்ய பரம்பரை’ என்றிருக்கிறது. ஒருவர் குரு, ஏனையோர் சிஷ்யர். இருபதாண்டு நடித்த கலைஞரும் தாளில் சிஷ்யரே. இசை, நடனப் பயிற்சிக்கு அச்சொற்கள் பொருந்தலாம். ஆனால் ஒரு நாடகக் குழு என்பது பலர் கூடி உழைக்கும் பணியிடம். குருவிடம் சிஷ்யர் கணக்குக் கேட்பதில்லை. உடன் உழைப்பவர் கேட்கலாம். விழாவுக்குக் கிடைத்த தொகை எவ்வளவு, வண்டிக்கும் அரங்குக்கும் போனது எவ்வளவு, நடித்தவருக்கும் விளக்குக் கட்டியவருக்கும் எவ்வளவு என்பதை ஐந்து குழுக்கள் ஒரே அறையில் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால், எது நியாயம், எது வறுமை, எது சுரண்டல் என்பது தானே புலப்படும். தனித்தனியே இருக்கும்வரை ஒவ்வொருவரும் தம் குழுவின் வழக்கத்தையே உலக வழக்கமாக எண்ணிக்கொள்வர்.

இரண்டாவது பாதுகாப்பு. பணியிடங்களில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமின்றித் தன்னார்வமாக உழைப்போரையும் பயிற்சி பெறுவோரையும் பணியாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். சட்டத்தின் சொற்கள் தெளிவாகவே உள்ளன. ஆயினும் பெரும்பாலான குழுக்களில் அது நாடகத்துக்கும் பொருந்தும் என்ற எண்ணமே எழவில்லை. நடிப்புப் பயிற்சி உடலைத் தொட்டு நடப்பது. கூச்சத்தை விடு என்பது அதன் முதல் பாடம். அந்தப் பாடத்தின் மறைவில் எது பயிற்சி, எது அத்துமீறல் என்ற கோடு அழிக்கப்படுகிறது. அக்கோட்டைப் பெண்கள் தமக்குள் முணுமுணுப்பாக மட்டுமே வரைந்துவருகின்றனர். தேநீர் இடைவேளையில் காதோடு சொன்ன எச்சரிக்கை அறிமுகமானவரையே காக்கும். வெளியூரிலிருந்து புதிதாக வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணை அது எட்டாது. ஓர் ஊரின் குழுக்கள் அனைத்தும் சேர்ந்து பொது நடத்தை நெறியொன்றை எழுதி ஒத்திகைக் கூடத்தின் சுவரில் ஒட்டினால், அது அவளையும் எட்டும்.

மூன்றாவது, அரசோடும் காவல்துறையோடும் உள்ள உறவு. ஆங்கிலேயர் 1876இல் இயற்றிய நாடக நிகழ்த்துதல் சட்டத்தை நடுவண் அரசின் ஏட்டிலிருந்து நீக்க 2018 வரை ஆயிற்று. தமிழ்நாட்டின் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது; அவ்வழக்கைத் தொடுத்தவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. மகாராட்டிரத்திலோ நாடகப் பிரதியை முன்கூட்டியே தணிக்கை வாரியத்திடம் காட்டிச் சான்று பெறும் முறை நெடுங்காலமாக உள்ளது. அமோல் பாலேகர் அதை எதிர்த்து 2016இல் நீதிமன்றம் சென்றார். இரு வழக்குகளிலும் பயன் எல்லாக் குழுக்களுக்கும் உரியது, சுமை தனியொருவருடையது. நாடகக்காரர்கள் தம்முள் கூடிப் பேசும் வழக்கம் இருந்திருந்தால் அச்சுமை பகிரப்பட்டிருக்கும். எந்தக் காவல் நிலையத்தில் எந்தத் தாளைக் கேட்கிறார்கள், எதைக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை என்ற அறிவு இன்றும் ஒவ்வொரு குழுவும் புதிதாகப் பட்டுத் தெரிந்துகொள்வதாகவே இருக்கிறது.

இத்தகைய கூட்டங்களுக்கு எதிரான மறுப்புகளும் எளிதில் தள்ளத்தக்கவையல்ல. பேசிப் பேசி என்ன ஆகப்போகிறது என்பது முதல் மறுப்பு. நாடகக்காரர்களிடம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. செயலுக்குத்தான் பஞ்சம் என்பர். இதில் உண்மை உண்டு. எழுதப்படாத பேச்சு ஆறு மாதத்தில் மறக்கப்படும். மறு கூட்டத்தில் அதே குறை அதே சொற்களில் மீண்டும் ஒலிக்கும். ஆகவே பதிவும் பொறுப்பேற்பும் இல்லாத திறந்த களம் வெறும் ஆறுதல் கூட்டமாகச் சுருங்கிவிடும். ஆனால் இக்குறைக்கு மருந்து பேச்சை நிறுத்துவதன்று. நாடகக்காரர் அறியாததா இது? ஒத்திகையில் இயக்குநரின் உதவியாளர் ஒவ்வொரு மாற்றத்தையும் பிரதியின் ஓரத்தில் குறித்துவைக்காவிட்டால் மறுநாள் காட்சி குலைந்துபோகும். அந்தப் பழக்கத்தைக் கூட்டத்துக்கும் கொண்டுவந்தால் போதும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. வட்டமாக உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் சமமாகிவிடுவரா? நாற்காலியின் அமைப்பை மாற்றலாம். சாதியும் பாலினமும் வயதும் ஆங்கிலமும் தந்த தன்னம்பிக்கையைக் கதவுக்கு வெளியே கழற்றி வைக்க முடியாது. யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி எழுதலாம் என்ற அழைப்பை ஏற்று முதலில் எழுபவர், எங்கும் முதலில் எழுந்து பழகியவராகவே இருப்பார். விருப்பமில்லையேல் எழுந்து போய்விடலாம் என்ற விதியும் அப்படியே. மூத்தவர் பேசிக்கொண்டிருக்கையில் எழுந்து வேறு குழுவுக்குச் செல்லும் துணிவு, அடுத்த நாடகத்தில் வேடம் கிடைக்குமா என்று அஞ்சும் இளைஞருக்கு எங்கிருந்து வரும்? கூத்துக் கலைஞர் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வருவோர். நகரத்து நாடக அவையில் அவர்கள் வணக்கத்துக்குரிய மரபின் சின்னமாக அமர்த்தப்படுவதே வழக்கம். வட்டம் அச்சின்னத்தை மனிதராக்கிவிடும் என்று நம்பியிருப்பது பேதைமை.

இதற்கு விடை முறையைக் கைவிடுவதில் இல்லை; அதை இந்நிலத்துக்கேற்பத் திருத்திக்கொள்வதில் இருக்கிறது. எழுந்து நின்று அறிவிக்கத் தயங்குவோர் பெயரில்லாமல் தாளில் கேள்வி எழுதிப் பெட்டியிலிட இடம் வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, பிறர் எழுதலாம். பெண்கள் மட்டும், பின்னரங்குப் பணியாளர் மட்டும், மரபுக் கலைஞர் மட்டும் முதலில் தனியே கூடித் தம் கேள்விகளை வகுத்துக்கொண்டு பிறகு பொது வட்டத்துக்கு வரலாம். மூத்த இயக்குநர்களுக்கு ஒரேயொரு வேண்டுகோள் விடுக்கலாம்: முதல் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். மேடையில் நடிகரின் மௌனத்துக்கு எவ்வளவு ஆற்றல் உண்டென்று அவர்களே மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தாம்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஒரு நாள் கூட்டத்துக்கு வருவது என்றால் ஒரு நாள் கூலியை இழப்பது. நாடகத்தால் மட்டும் வாழ்வோர் மிகச் சிலர். பகலில் கடையிலும் பள்ளியிலும் வயலிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருவோரே பலர். தில்லியிலோ மும்பையிலோ கூட்டம் நடந்தால், மலையோர ஊரிலிருந்து வரும் குழுவுக்குத் தொடர்வண்டிக் கட்டணமே தடையாகும். அங்கு போனாலும் ஆங்கிலமும் இந்தியும் தெரிந்தவருக்கே வாய் திறக்கும். எனவே தேசிய அளவிலான பெருங்கூட்டத்தைக் கனவு காண்பதினும் மாவட்ட அளவில் அரைநாள் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்துவதே மேல். திருச்சூரில் மலையாளத்திலும் தார்வாடில் கன்னடத்திலும் இம்பாலில் மணிப்புரியிலும் மதுரையில் தமிழிலும் அது நடக்கட்டும். குறிப்புகள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பயணம் செய்யட்டும்; மனிதர்கள் செய்ய வேண்டியதில்லை.

அத்தகைய கூட்டத்துக்கு வேண்டுவன மிகச் சில. ஓய்வு நாளில் ஒரு பள்ளி வகுப்பறையோ நூலகக் கூடமோ போதும். பொன்னாடையும் நினைவுப் பரிசும் இல்லாததால் செலவு தேநீருக்கு மட்டுமே. அதற்கு வட்டத்தின் நடுவே ஒரு துண்டை விரித்து வைத்தால் மூன்றாம் அரங்கின் பார்வையாளர் போல இயன்றவர் இயன்றதை இடுவர். நல்கை எதுவும் பெறாமல் நடத்துவதே நல்லது. பணம் தந்தவரின் பெயர் பதாகையில் ஏறிய மறுகணமே தலைமையுரையும் திரும்பி வந்துவிடும். கூட்டுபவர் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். ஒரே குழு மூன்று முறை தொடர்ந்து கூட்டினால் அது அக்குழுவின் கூட்டமாகிவிடும். ஏனைய குழுக்கள் விருந்தினராகிவிடுவர். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கக் குறிப்பு: என்ன பேசப்பட்டது, எதில் உடன்பாடு, எதில் வேறுபாடு, யார் எதை எப்போதுக்குள் செய்வதாக ஏற்றார். அடுத்த கூட்டம் அக்குறிப்பை உரக்கப் படிப்பதிலிருந்து தொடங்கட்டும். செய்வதாக ஏற்றவர் செய்யவில்லை என்றால், செய்யவில்லை என்று சொல்லட்டும். அதற்கு மேல் தண்டனை தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் எல்லாக் குறையும் தீர்ந்துவிடாது. அரங்கு வாடகை குறையாது. நல்கைத் திட்டத்தின் பெயர் உடனே மாறாது. ஆனால் 2020இல் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது நாடகத்துறை கற்ற பாடம் ஒன்றுண்டு. யாருக்கு எவ்வளவு தேவை, யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது தெரிந்திருந்த இடங்களில் உதவி விரைந்து சென்றது. ஒருவரையொருவர் அறியாத இடங்களில் கலைஞர்கள் யாருக்கும் தெரியாமல் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். துறை என்று ஒன்று இருப்பதாகச் சொல்ல வேண்டுமானால் அதில் இருப்போர் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். விழா மேடையில் கைகுலுக்கிக்கொள்வது அந்த அறிவைத் தராது.

கடைசி வரிசையில் நின்றிருந்த அந்த ஒளியமைப்பாளரிடம் ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுத்தால் அவர் என்ன கேள்வி எழுதுவார் என்பது எவருக்கும் தெரியாது. பழைய மண்டபத்தின் மின்கம்பி எப்போது தீப்பிடிக்கும் என்று கேட்கலாம். மகனுக்கு இத்தொழிலைக் கற்றுத் தரலாமா என்று கேட்கலாம். நாடகத்தின் எதிர்காலம் பற்றி அதுவரை வாசிக்கப்பட்ட கட்டுரைகளில் இல்லாத ஒன்றை அவர் கேட்பார் என்பது மட்டும் உறுதி. அவரைக் கேட்க வைப்பதற்கு எந்த அகாதெமியின் அனுமதியும் தேவையில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வகுப்பறையின் சாவியை யாராவது வாங்கி வைத்தால் போதும்.